சிடோனி தேர்ந்தெடுத்த மூன்று பைகள்

எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்காவது மலைக்கு ஒரு பை வாங்க வேண்டுமென்றால், அவர்கள் நேராகக் கடைக்குப் போக மாட்டார்கள். மஞ்சள் பஸ்ஸில் ஏறுவார்கள். சியேர் நகரத்திலிருந்து மேலே சினால் வரை அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் சிடோனி தெய்தா. அவளுக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையில் உட்கார்ந்து, "சிடோனி, ஒரு பை வாங்கணும்" என்று ஆரம்பித்தால் போதும். பஸ் விசுவா கிராமம் வருவதற்குள் நீங்கள் எந்த மலைக்குப் போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், நிஜமாகவே போவீர்களா அல்லது சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறீர்களா என்பது வரை கறந்துவிடுவாள். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பி அவள் பக்கம் பார்த்து மாட்டியிருக்க வேண்டும்.

நான் எட்மே. விசுவாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக அவளோடு மலை ஏறுகிறேன், இருபது வருஷமாக அவளிடம் திட்டு வாங்குகிறேன். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் குறைவு. பஸ் இருக்கையில் ஒரு மெத்தை போட்டுத்தான் உட்காருவாள். புருஷன் லெயோன்ஸ் கீழே திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிறார், அதிகம் பேச மாட்டார். அவர் பேச வேண்டியதையும் இவளே பேசிவிடுவதால் அந்த வீட்டில் யாருக்கும் குறை கிடையாது. பின்னால் வருகிற காரைக் கண்ணாடியில் பார்க்கிறாளோ இல்லையோ, பஸ்ஸில் ஏறுகிறவனின் முதுகைப் பார்த்துவிடுவாள். ஒருமுறை ஜெனீவாக்காரன் ஒருவன் ஏறினான். பனியில் ஏறும்போது பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முட்களைப் பைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான். மூன்றாவது வளைவில் பஸ்ஸை ஓரங்கட்டினாள்.

"தம்பி, அந்த முள்ளு உள்ள போகட்டும். இல்லன்னா நீங்க வெளிய போங்க."

"உள்ள எடமில்லீங்க."

"எடமில்லன்னா பை சின்னது. பை சின்னதில்லன்னா சாமான் ஜாஸ்தி. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, நான் நிக்கறேன்."

பஸ் நிறைய ஆட்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, எல்லோரும் அவன் பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். இரும்பில் செய்த காபிப் பாத்திரம் ஒன்று வெளியே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு கிலோ இருக்கும். "எறங்கி வரும்போது வாங்கிக்குங்க" என்று அதைத் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து அவன் வந்து வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனான். சிடோனியோடு சண்டை போட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் கடைசியில் நன்றிதான் சொல்வார்கள். அவள் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஆனால் இந்தக் கதை காபிப் பாத்திரத்தைப் பற்றியது அல்ல. நாலு நிமிஷத்தைப் பற்றியது.

ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் பக்கத்தில் பெரிய கணவாய் ஓட்டம் நடக்கும். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஓட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு சினாலில் கிளம்பி, ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைக்கு அடியில் வழுக்காத தோலை ஒட்டிக்கொண்டு பனியில் ஏறிப்போய், கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் எரான்ஸ் பள்ளத்தாக்கில் சறுக்கி இறங்க வேண்டும். கணவாய்க்குக் கீழே கடைசி முந்நூறு மீட்டர், பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறுகிற பனி ஓடை. அங்கே ஸ்கீ உதவாது. கழற்றி முதுகுப்பையில் மாட்டி, இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். சரியாக ஒன்பது மணிக்கு மேலே கணவாயின் குறுக்கே ஒரு நாடாவைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறி அந்தப் பக்கத்துப் பனி இளகிவிடும் என்பதால் யாரையும் விட மாட்டார்கள். அழுதாலும் விட மாட்டார்கள். நான் அழுது பார்த்திருக்கிறேன்.

சிடோனி சாதாரண நாளில் அந்தக் கணவாயை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறாள். ஓட்டத்தில் தாண்டியதில்லை. முதல் தடவை ஓட்டமே புயலில் ரத்தானது. அடுத்த தடவை கூட வந்தவளுக்குப் பாதி வழியில் வாந்தி. மூன்றாவது தடவை, அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது நாலு. காரணம் நான். சரியாகச் சொன்னால் என் பை.

அது ஆப்ரிகாட் பழ நிறத்தில் அழகான பை. கடை ஜன்னலில் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டேன். ஸ்கீ மாட்ட வேண்டுமானால் அதை முதுகிலிருந்து கழற்றித் தரையில் வைக்க வேண்டும், அதன் கொக்கியைக் கையுறையோடு திறக்க முடியாது என்பதெல்லாம் ஓடைக்கு அடியில் நின்றபோதுதான் தெரிந்தது. கையுறையைக் கழற்றினேன், காற்று அதைக் கொண்டுபோனது, விரல் மரத்துப்போனது. மயெல் வந்துதான் மாட்டிவிட்டாள். மயெல் சுஃபெரே எங்கள் மூன்றாவது ஆள். வயது இருபத்தொன்பது, தொழில் குழாய் ரிப்பேர், கிடா மாதிரி பலம்.

அன்று சிடோனி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் பஸ்ஸில், ஏழு வளைவு தாண்டிய பிறகு சொன்னாள்:

"நாலு நிமிஷம் காலுல போகல எட்மே. முதுகுல போச்சு."

இந்த வருஷம் ஜனவரியில் டாக்டர் அவளுடைய இடது முட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு மே மாதத்தில் தேதி கொடுத்துவிட்டார். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும். பிறகு நடக்கலாம், மெதுவாகச் சறுக்கலாம், ஓட்டம் கூடாது. அதைச் சொல்ல மருந்துக்கடைக்கு வந்தாள். கடையில் இருமல் மருந்துக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னாள்:

"ஏப்ரல்ல ஓடறோம். இதான் கடைசி. மூணு தடவ கெளம்பி ஒரு தடவகூட முடிக்காதவன்னு பேர் வாங்கிட்டு நான் முட்டிய அறுத்துக்க மாட்டேன். சனிக்கிழம கடைய மூடு. பை வாங்கப் போறோம்."

"என்கிட்டதான் பை இருக்கே."

"அது பையில்லடி, கல்யாணப் பெட்டி."

சியேரில் அந்தக் கடை வைத்திருக்கிறவர் பார்த்தெலெமி. நல்ல மனுஷர். எங்கள் மூன்று பேரையும் வாசலில் பார்த்ததும் கல்லாவில் இருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மதாம் தெய்தா. இன்னைக்கு எத்தன பையக் கிழிக்கப் போறீங்க?"

"மூணே மூணுதான். கிழிஞ்சா அது பையோட குத்தம், என் குத்தம் இல்ல."

அவள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாள். அதைக் கடையின் நட்டநடுவில் கவிழ்த்தாள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தோண்டி எடுக்கிற மண்வெட்டி, பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, இரும்பு முட்கள், கோடாலி, கயிறு, கனத்த ஜாக்கெட், தண்ணீர், கறுப்பு ரொட்டி, உப்புக்கண்டம். ரொட்டிகூட நிஜ ரொட்டி. காகிதத்தை அடைத்துப் பார்த்துப் பை வாங்குகிறவர்களை அவளுக்குக் கண்டால் ஆகாது. பையில் தொங்குகிற சீட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருப்பதை மட்டும் படிக்கிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. "காலிப் பைய எடை போட்டு வாங்கறவன் காலிப் பையத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்பாள்.

பிறகு பரீட்சை ஆரம்பமானது. பையை நிரப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும், பையின் தலை ஹெல்மெட்டில் இடித்தால் தோல்வி. கையைத் தூக்கிக் குதிக்க வேண்டும், பை முதுகோடு குதிக்காமல் தனியாகக் குதித்தால் தோல்வி. தடித்த கையுறையோடு பத்து எண்ணுவதற்குள் மண்வெட்டி வெளியே வர வேண்டும். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு, பையைக் கழற்றாமல், ஸ்கீயை முதுகில் மாட்ட வேண்டும். வால் பக்கத்தை இடது இடுப்பருகே இருக்கிற வளையத்துக்குள் விட்டு, மேல் பக்கத்தை வலது தோளில் ஒரு கொக்கியால் இழுத்து மாட்டுவது. மயெல் அதை எட்டு நொடியில் செய்தாள். நான் செய்தபோது கையுறை விற்கிற அலமாரி சாய்ந்தது. பார்த்தெலெமி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"அலமாரியையும் சேத்து பில் போட்டுடட்டுமா?" என்றார்.

"அதுக்கு வார் இருக்கா? இருந்தா முதுகுல போட்டுப் பாக்கறோம்" என்றாள் சிடோனி.

இரண்டு மணி நேரத்தில் பதினேழு பைகள் தோற்றுப்போயின. ஒன்றில் ஜிப் சின்னது. ஒன்றில் இடுப்புப்பட்டை, கயிறு கட்டுகிற பெல்ட்டை மறைத்தது. ஒன்று எடையே இல்லாமல் இருந்தது, ஆனால் துணி அவ்வளவு மெல்லிசு, கோடாலி முனையைக் காட்டினாலே கிழிந்துவிடும் போலிருந்தது. "இது பை இல்ல, பைக்கு உள்ள போடற கவரு" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்கு வந்த மற்றவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டு வட்டமாக நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர், தாங்கள் எடுத்து வைத்திருந்த பைகளைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவிட்டார்கள். பார்த்தெலெமி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

மயெலுக்குப் பதினெட்டு லிட்டர் பை கிடைத்தது. "நீ முன்னால ஓடறவ. உனக்கு ஒரு பாக்கெட்டே போதும், பை தண்டம்." தனக்கு இருபத்துநாலு லிட்டரில், ஐந்நூற்றுப் பத்து கிராமில், கருப்பாக ஒரு குழாய் போன்றதை எடுத்துக்கொண்டாள். எனக்கு எடுத்தது முப்பது லிட்டர். தார்ச்சாலை நிறம். எழுநூற்றெண்பது கிராம்.

"எனக்கு மட்டும் ஏன்டி எரும?"

"கயிறு யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்ட."

"ரெண்டு பக்கமும் நீள வார் இருக்கறது இது ஒண்ணுதான். கயிறு ஒரு பக்கம், கோடாலி ஒரு பக்கம். உள்ள வெச்சீன்னா, மேல இருக்கற தொப்பிய எடுக்க அடியில இருக்கற ரொட்டி வரைக்கும் கலைப்ப. உன்னத் தெரியாதா எனக்கு."

"உன்னோடதவிட இருநூத்தி எழுபது கிராம் ஜாஸ்தி."

"காலைல ரொட்டில வெண்ணெயக் கொறச்சுக்கோ."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பையை எழுத முடியாத ஒரு வார்த்தையால் திட்டினேன். மில்லிகிராம் கணக்கில் மருந்து எடை போடுகிறவள் நான், எனக்குக் கிராம் சொல்லிக் கொடுக்கிறாள் பஸ்காரி. ஆனாலும் வாங்கினேன். ஒன்பது நாலு என்கிற எண் இருக்கிறதே, அது வாயை அடைத்துவிடும்.

பிப்ரவரி, மார்ச் முழுக்க சர்ச்சுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் பயிற்சி. ஸ்கீயைக் கழற்று, மாட்டு, முள்ளைப் பூட்டு, கயிற்றைப் பிடி. அடுப்படியில் முட்டை வேகவைக்க வைத்திருக்கிற கடிகாரத்தை சிடோனி கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது மணி அடிக்கும்போது நான் இன்னும் குனிந்துகொண்டிருப்பேன். ஆனால் மூன்றாவது வாரத்தில் எனக்கே தெரியாமல் நாற்பது நொடியில் முடித்தேன். எருமைப் பையில் எல்லாமே கை போகிற இடத்தில் இருந்தது. நான் அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சமையலறையில் வெட்டு விழா. எங்கள் ஊரில் ஓடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. புதுப் பையில் தேவையில்லாமல் தொங்குகிற வாரை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி, முனை பிரியாமல் லைட்டரால் உருக்கிவிடுவோம். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வரும். வெட்டியதை எடை போட்டு, யார் அதிகம் வெட்டினார்கள் என்று பெருமையடித்துக்கொள்வோம். அதற்காகவே கடையிலிருந்து என் மருந்துத் தராசைக் கொண்டுவரச் சொன்னாள். தன் இடுப்புப்பட்டையை வெட்டினாள். மேல் மூடியை வெட்டினாள். ஸ்கீ வளையத்தைத் தன் ஒல்லியான ஓட்டப் பலகையில் சுற்றி அளவெடுத்து, சாக்பீஸால் குறித்து, அதற்குமேல் ஒரு நூல்கூட மிஞ்சாதபடி வெட்டித் தைத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று கிராம். லெயோன்ஸ்கூட வாயைத் திறந்து, "பரவால்லயே" என்றார்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"உன்னோடதத் தொடாத. நீ வெட்டினா வேணுங்கறத வெட்டுவ."

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மலையில் நாற்பது செண்டிமீட்டர் பனி விழுந்தது. ஈரப் பனி. அப்புறம் மேலே ஓடு மாதிரி உறைந்துவிட்டது. அந்த மாதிரிப் பனியில் ஒல்லிப் பலகை புதைந்து திருகும், திருகினால் முட்டி போச்சு. எனவே முந்தின நாள் மதியம் சிடோனி தன் பழைய அகலப் பலகையை எடுத்து, அதற்குத் தோல் வெட்டி, மெழுகு போட்டாள். சரியான முடிவு. மயெலும் நானும்கூடத் தலையாட்டினோம்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். குளிர் மூக்கைக் கடித்தது. மயெல் முன்னால், நான் நடுவில், சிடோனி பின்னால். நடு இடம் கைகொடுக்க வேண்டியவளுக்கு, அது எப்போதும் எனக்குத்தான். முதல் ஏற்றத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்று முடித்துவிடுவோம் என்று. கால் தானாகப் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களைத் தாண்டிப் போன பெண்கள் அணிகளில் மூன்றை நாங்கள் தாண்டினோம். தாண்டும்போது சிடோனி ஒவ்வொருவர் பையையும் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். விடிந்தபோது எதிரே கணவாய் தெரிந்தது. பனி ஓடைக்கு அடியில் போய் நின்றபோது மணி எட்டு இருபத்தொன்பது. எட்டு முப்பத்தைந்துக்கு வந்தாலே போதும் என்பது அவள் கணக்கு.

"ஆறு நிமிஷம் கையில இருக்கு. அவசரப்படாம செய்யுங்க" என்றாள் சிடோனி.

நான் நாற்பத்தொரு நொடியில் முடித்தேன். பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் இடுப்புக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போக மாட்டேங்குது" என்றாள்.

அவள் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. பலகையின் ஓரத்தில் உறைந்திருந்த பனியைத் தட்டிவிட்டுத் திரும்பவும் வளையத்துக்குள் விட்டாள். போகவில்லை. பையைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த வளையம் ஒல்லிப் பலகைக்கு அளந்து வெட்டியது. அகலப் பலகைக்கு இரண்டு விரல் துணி குறைந்தது. அந்த இரண்டு விரல் துணியை என் தராசில் நான்தான் எடை போட்டேன். நாலு கிராம். எதையும் பரீட்சை வைக்காமல் முதுகில் ஏற்றாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், பலகையை மாற்றிய அன்று பரீட்சை வைக்க மறந்துவிட்டாள்.

கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று பார்த்தாள். ஓடைக்கு அடியில் நின்ற காவல்காரப் பெண் தடுத்துவிட்டாள்.

"ரெண்டு கையும் கயித்துக்கு வேணும் மதாம். பலகையக் கையில வெச்சுட்டு விட மாட்டேன். தவறி விழுந்தா கீழ வர்றவங்க தலையிலதான் விழும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். மயெல், களைத்தவளை இழுக்க வைத்திருந்த சின்ன இழுவைக் கயிற்றை எடுத்துப் பலகையைப் பையோடு சுற்றிக் கட்டினாள். மூன்று படி ஏறுவதற்குள் அது நழுவி சிடோனியின் இடது முட்டியில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மணி எட்டு முப்பத்து நாலு. நாங்கள் தாண்டி வந்த மூன்று அணிகளும் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி ஓடையில் ஏறின.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எட்மே, திரும்பி நில்லு."

"எதுக்கு?"

"திரும்புடி."

திரும்பினேன். என் பையிலிருந்த கயிற்றை உருவி மயெலின் கழுத்தில் மாட்டினாள். கோடாலியை எடுத்து என் இடுப்பு பெல்ட்டில் செருகினாள். என் ஸ்கீயைக் கொக்கியிலிருந்து கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக அந்த நீள வார்களுக்குள் விட்டாள். பிறகு தன்னுடையதையும் பக்கத்துக்கு ஒன்று சேர்த்துச் செருகி, வாரை இழுத்து இறுக்கினாள்.

"நாலும் நிக்குமா?" என்றாள் மயெல்.

"நிக்கும். பார்த்துத் தேடி எடுத்துக் குடுத்தவ நான்தான்."

அந்த நிலைமையிலும் அப்படித்தான் பேசினாள். என் மண்வெட்டி, கம்பி, ஜாக்கெட், தண்ணீர், ரொட்டி எல்லாவற்றையும் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். எனக்கு நாலு பலகை மட்டும் மிஞ்சியது. மணி எட்டு முப்பத்தேழு.

ஓடையில் ஏறுவது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பலகைகளின் வால் கெண்டைக்காலில் இடித்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் முழு ஆளையும் பக்கவாட்டில் தள்ளியது. தோள்வார் சதையை அறுத்தது. நூறு படி எண்ணினேன், பிறகு எண்ணிக்கை மறந்துபோயிற்று. பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் விடாமல் வந்தது.

"நிக்காத."

"மூச்சு வாங்குதுடி."

"மூச்சு மேல நெறைய இருக்கு. போய் எடுத்துக்கலாம்."

"உன் வாய வெட்டியிருக்கணும். அறுபத்து மூணு கிராமுக்கு மேலயே வந்திருக்கும்."

"வந்திருக்கும். நடடி."

அவளுடைய முட்கள் பனியில் ஏறுகிற சத்தத்தை வைத்தே இடது கால் இழுக்கிறது என்று தெரிந்தது.

"முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"மே மாசம் வரைக்கும் தாங்கும்."

மயெல் மேலே போய் நின்றுகொண்டு, கையை வாயில் குவித்து, மணியைக் கத்திக்கொண்டிருந்தாள். எட்டு ஐம்பத்து மூணு. எட்டு ஐம்பத்தஞ்சு. ஐம்பத்தாறில் என் கால் மடங்கிப் பனியில் உட்கார்ந்துவிட்டேன். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிடோனி என் பையின் அடியில் தன் தலையைக் கொடுத்து முட்டித் தூக்கினாள். ஹெல்மெட் என் முதுகெலும்பில் இடித்தது. எழுந்துவிட்டேன்.

கணவாயில் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் எமே சவியோ. விசுவாவில் பள்ளிக்கூட வாத்தியார். போன தடவையும் அவர்தான், நான் அழுதது அவரிடம்தான். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பத்தெட்டு. எங்களைப் பார்த்தார். சிடோனியின் முதுகில் ஸ்கீ இல்லாததைப் பார்த்தார்.

"உங்க பலக எங்க?"

"அவ முதுகுல."

வாத்தியார் என்னைச் சுற்றி வந்தார். விரல் நீட்டி நிதானமாக எண்ணினார். என்னைத் திரும்பச் சொல்லி மறுபக்கமும் எண்ணினார். பிறகு மயெலின் முதுகிலிருந்ததையும் எண்ணினார்.

"ஆறு பலக, மூணு பேரு. யாரு முதுகுலன்னு விதியில எழுதல" என்றார். "போங்க."

நான் பனியில் மண்டியிட்டேன். அழுகை வந்தது. சிடோனி என் பையிலிருந்து தன் ஸ்கீயை உருவினாள். வாரின் கொக்கி இரண்டு தடவை அவள் கையிலிருந்து நழுவியது.

"அழறதெல்லாம் கீழ போய் வெச்சுக்கோ. கண்ணாடியில பனி புடிச்சுக்கும்" என்றாள். "பை ரொம்பக் கீழ எறங்கி உக்காந்திருக்கு, தோள்வார இழு." அவ்வளவுதான் சொன்னாள். நன்றி என்ற வார்த்தை அவள் பக்கத்திலேயே வரவில்லை. அந்த நிமிஷத்தில் கோடாலி என் இடுப்பில் இருந்ததை அவள் மறந்திருக்க வேண்டும்.

சறுக்கத் தொடங்கினோம். அவள் முன்னால் போனாள். அந்த உறைந்த ஓட்டுப் பனியில் அகலப் பலகை அருமையாக நின்றது, ஒரு இடத்திலும் முட்டி திருகவில்லை. சறுக்கி இறங்கும்போது அவள் யாருக்காகவும் நிற்க மாட்டாள், நாங்கள் பின்னால் வருகிறோமா என்றுகூடப் பார்க்க மாட்டாள். ஆனால் முதல் பெரிய சரிவு முடிகிற இடத்தில் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் கையுறையைக் கழற்றி, என் தோளில், வார் அறுத்த இடத்தில் கையை வைத்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

கையை எடுக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பஸ்ல ஏறும்போதுகூட என் பலகைய யாரு கையிலயும் குடுத்ததில்ல எட்மே. லெயோன்ஸ் கேப்பார், அவர்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"தெரியும்."

"நீ கேக்காமலே திரும்பி நின்ன."

நான் கேட்டேன், எதற்கு என்று கேட்டேன், இரண்டாவது தடவை அதட்டிய பிறகுதான் திரும்பினேன். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. நான் திருத்தவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டாள். மயெல் வந்து சேர்ந்தாள். கீழே எரான்ஸ் பக்கத்துக் கூரைகளும், அவற்றுக்கு நடுவில் முடிவுக்கோட்டில் கட்டியிருந்த சிவப்புத் துணியும் தெரிந்தன.

"இந்தத் தடவ நான் நடுவுல வர்றேன்" என்றாள் சிடோனி.